கொட்டிவாக்கத்திலிருந்து முக்திநாத்: நேபாளப் பயணத் திட்டம் பற்றி ஓர் ஆய்வு

ஆழ்வார்கள் பாடிய 108 திவ்விய தேசங்களில் இரண்டு இந்த மண்ணுலகில் இல்லை. மிச்சமுள்ளவற்றில் 105 இந்தியாவில் இருக்கின்றன. எஞ்சிய ஒன்று நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், ஏறத்தாழ 3,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத் அதுதான். தமிழ்க் குடும்பங்கள் நேபாளத்தை நினைப்பது பெரும்பாலும் இந்த ஒரு சன்னிதியை வைத்தே. கூடவே காத்மாண்டு பசுபதிநாதர். இரண்டு தரிசனமும் ஆகிவிட்டால் நேபாளம் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறோம்.

சென்னையிலிருந்து கிளம்பும் யாத்திரைக் குழுக்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் இந்த மனப்போக்கு அப்படியே தெரியும். முதல் நாள் விமானம், அடுத்த நாள் பசுபதிநாதர், அதற்கடுத்த நாள் போக்கரா, மறுநாள் விடியலில் ஜோம்சோம் விமானம், மதியத்துக்குள் முக்திநாத், உடனே இறக்கம். ஒரு வாரத்துக்குள் வீடு. இப்படி ஓடுவதால் இரண்டு இழப்பு. ஒன்று, உடலுக்கு அந்த உயரம் பழக நேரமில்லை. மற்றொன்று, இரண்டாயிரம் ஆண்டுப் பண்பாடு செழித்த ஒரு நாட்டைப் பேருந்துச் சன்னல் வழியாகவே கடந்துவிடுகிறோம். ஓட்டத்தைக் குறைத்து, நாட்களைக் கூட்டினால் இரண்டும் ஒருசேரச் சரியாகும் என்பதே நான் சொல்ல வருவது. உடலைக் காப்பாற்றும் அதே நிதானம்தான் நாட்டையும் காட்டித் தரும்.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடற்கரையில் வாழும் நமக்கு அதுதான் முதல் கேள்வி. கொட்டிவாக்கத்தில் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். திருவான்மியூரும் பாலவாக்கமும் அப்படித்தான். மலை என்று பார்க்க வேண்டுமென்றால் பரங்கிமலைக்குப் போக வேண்டும், அதுவும் நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். முக்திநாத்துக்குப் போக நாம் இறங்கும் ஜோம்சோம் விமான நிலையமே அதைவிடச் சுமார் நூறு மீட்டர் உயரம். அங்கிருந்து இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறினால்தான் கோயில். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் பிராணவாயு, நம் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு.

போக்கரா 820 மீட்டர். அங்கிருந்து ஜோம்சோம் இருபது நிமிட விமானப் பயணம். இறங்கிய கையோடு ஜீப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் ராணிபௌவா கிராமம், கோயிலின் அடிவாரம். காலையில் போக்கரா ஏரிக்கரையில் காபி குடித்தவர் மதியத்துக்குள் மூவாயிரம் மீட்டர் ஏறிவிடுகிறார். அப்படி ஏறியவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, மூச்சு வாங்கல் வருவது இயல்பு. பெரும்பாலும் இறங்கினால் சரியாகிவிடும். அரிதாக நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். நிற்கும்போது தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: அந்த நிமிடமே கீழே இறக்குவது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இரவு தள்ளிப்போடுவதுதான் உயிரைக் குடிக்கிறது.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவில் இறங்கிவந்து படுப்பது நல்லது. முக்திநாத் யாத்திரைக்கு இந்த விதி அழகாகப் பொருந்தும். ஜோம்சோமிலோ பக்கத்து மார்பாவிலோ இரண்டு இரவு தங்கி, இரண்டாம் நாள் விடியலில் ஜீப்பில் மேலே போய்த் தரிசனம் முடித்து, இருட்டுவதற்குள் அதே ஊருக்கு இறங்கிவிட்டால் போதும். ராணிபௌவாவில் இரவு தங்கும் ஆசையை முதியவர்கள் விட்டுவிடுவது நல்லது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலர் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள். பயனுள்ளதுதான். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. குடும்ப மருத்துவரிடம் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போய், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் காட்டிப் பேசிவிட வேண்டும்.

உடல் பயிற்சிக்கு நம்மிடம் மலை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். கடற்கரை மணலில் நடப்பது கால்களுக்கு நல்ல வேலை. அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் லிஃப்டை விட்டுப் படியேறலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறும் 3,550 படிகளை நான் சிறந்த ஒத்திகையாக எண்ணுகிறேன். அதை முடித்தவருக்குத் தன் மூச்சின் அளவு என்ன என்பது தெரிந்துவிடும். ஆனால் கால் வலிமை வேறு, உயரம் பழகுவது வேறு. நன்றாக ஓடும் இளைஞர்கள்தாம் மலையில் அவசரப்பட்டு விழுகிறார்கள்.

அடுத்து வழி. ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. காரணம் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. ஒருபுறம் 8,167 மீட்டர் தௌலாகிரி, மறுபுறம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. இரண்டுக்கும் நடுவே ஆறு அறுத்துச் சென்ற ஆழ்ந்த இடைவெளி. பகல் ஏற ஏற வடக்கே திபெத்தியப் பீடபூமி சூடாகிறது. அங்கே மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து குளிர்ந்த காற்று இந்த இடுக்கு வழியே பாய்கிறது. முற்பகல் கழிந்ததும் மணலை வாரியடிக்கும் காற்று தொடங்கிவிடும். மேகம் மூடினால் விடியல் விமானமும் இல்லை. 2022 மே 29 அன்று போக்கராவிலிருந்து ஜோம்சோம் சென்ற சிறு விமானம் மலையில் மோதி அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். ஆகவே விமானம் ரத்தானால் விமானியைத் திட்டாமல் நன்றி சொல்ல வேண்டும். விமான டிக்கெட்டை நம்பித் திட்டம் போடுபவர்கள் ஒரு நாளாவது கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலை வழி இப்போது உண்டு. போக்கராவிலிருந்து பேனி, தாதோபானி, காலோபானி, மார்பா வழியாக ஜோம்சோம். ஒரே நாளில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போய்விடலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். எனக்குப் பிடித்த திட்டம் வேறு. முதல் இரவு 1,190 மீட்டரில் வெந்நீர் ஊற்றுள்ள தாதோபானியில், அடுத்த இரவு 2,500 மீட்டரை ஒட்டிய காலோபானியில், அதற்கடுத்து மார்பாவில் அல்லது ஜோம்சோமில். உடலும் படிப்படியாக ஏறும். வழியில் தகாலி மக்களின் ஊர்களையும் பார்க்கலாம். இமயத்தின் உப்பு வணிகத்தை நூற்றாண்டுகளாக நடத்தியவர்கள் அவர்கள். வெள்ளையடித்த கல்வீடுகளும் ஆப்பிள் தோட்டங்களும் உள்ள மார்பாவில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தாலும் அலுக்காது.

சாளக்கிராமம் இந்தப் பள்ளத்தாக்கின் பொருள். கண்டகி ஆற்றுப் படுகையில் கிடைக்கும் கருங்கற்களுக்குள் சுருள் சுருளாகச் சக்கரம் தெரியும். புவியியலாளர்கள் அதை அம்மோனைட் என்பார்கள். இந்தியத் தட்டு ஆசியாவின் மீது மோதி இமயம் எழுவதற்கு முன் அங்கே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்து, பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் வண்டலில் புதைந்த கடலுயிரிகளின் படிவம்தான் இது. அறிவியல் சொல்வதைக் கேட்டால் பக்தி குறையும் என்று நான் நினைக்கவில்லை. மயிலாப்பூரில், திருவல்லிக்கேணியில் எத்தனையோ வீடுகளின் பூஜை அறையில் தலைமுறை தலைமுறையாகத் திருமஞ்சனம் கண்டுவரும் அந்தக் கல், எவ்வளவு காலத்தையும் உயரத்தையும் கடந்து வந்தது என்று தெரிந்தால் கை இன்னும் பணிவோடு குவியும். ஆனால் கடைகளில் செயற்கையாகச் செதுக்கியவையும் விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கோயிலுக்குள்ளேயும் நாம் அவசரப்படுகிறோம். பின்புறம் அரைவட்டமாகக் காளை முகங்களிலிருந்து கொட்டும் 108 தாரைகள். உருகிய பனியின் நீர். அத்தனையிலும் நனைந்து, முன்னுள்ள இரண்டு குளங்களிலும் மூழ்கி எழுவது வழக்கம். முதியவர்களும் இதய நோயாளிகளும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பெருமாள் ஒன்றும் குறைத்துக்கொள்ள மாட்டார். மூர்த்தியை நாம் திருமாலாகச் சேவிக்கிறோம், திபெத்திய பௌத்தர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். பௌத்தப் பெண் துறவிகள் இங்கே பணி செய்கிறார்கள். பக்கத்திலேயே ஜுவாலா மாயி கோயிலில் இயற்கை வாயுவால் நீலச்சுடர் எரிகிறது, அதனருகே நீரும் ஓடுகிறது. இரண்டு சமயங்கள் சண்டையின்றி ஒரே கருவறையைப் பகிர்ந்துகொள்ளும் இடம் உலகில் எத்தனை இருக்கும்? இதைப் பார்க்க அரை மணி நேரம் போதாது.

தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை 2012-லிருந்து மானசரோவர், முக்திநாத் யாத்திரை செய்து திரும்புவோருக்கு மானியம் தருகிறது. எண்ணிக்கை வரம்பும் தகுதி விதிகளும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். பயணச் சான்றுகளையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்தி வந்து விண்ணப்பிக்க வேண்டும். தொகை பெரிதில்லை என்றாலும் ஓய்வூதியத்தில் வாழ்பவர்களுக்கு உதவிதான்.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் நான் அதிகம் வாதாட விரும்புகிறேன். 1,400 மீட்டர் உயரம், உடல் சுகமாகப் பழகும் இடம். 1979-ல் யுனெஸ்கோ இங்கே ஏழு இடங்களின் தொகுதியை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது: காத்மாண்டு, பட்டன், பக்தப்பூர் ஆகிய மூன்று அரண்மனைச் சதுக்கங்கள், சுயம்புநாத், பௌத்தநாத் தூபிகள், பசுபதிநாதர், சாங்கு நாராயணர். நம் குழுக்கள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. சாங்கு நாராயணர் கோயிலுக்கு வராத வைணவக் குழுக்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு மனம் வலிக்கும். அங்குள்ள தூணில் கி.பி. 464-ல் மானதேவ மன்னன் பொறித்த சம்ஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. கணவன் தர்மதேவன் இறந்ததும் உடன் உயிர்விடத் துணிந்த தாய் ராஜ்யவதியை மகன் தடுத்து நிறுத்திய செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. கல்வெட்டில் ஒரு குடும்பத்தின் துயரத்தை இவ்வளவு நெருக்கமாகப் படிப்பது அரிது. நகரின் வடக்கே புத்தநீலகண்டத்தில், குளத்து நீரில் பாம்பணைமேல் படுத்திருக்கும் திருமால், சுமார் ஐந்து மீட்டர் நீளம், ஒரே கருங்கல். திருவரங்கத்தைச் சேவித்த கண்களுக்கு அது வேறொரு அனுபவம்.

பட்டனில் 1637-ல் சித்தி நரசிம்ம மல்லன் கட்டிய கிருஷ்ணர் கோயிலின் கல் பட்டைகளில் மகாபாரதமும் ராமாயணமும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்தப்பூரில் 1702-ல் எழுந்த ஐந்தடுக்கு நியாதபோல, 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. 7.8 அளவுள்ள அந்த நடுக்கம் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் கொண்டுபோனது. காத்மாண்டின் காஷ்டமண்டபம் அன்று தரைமட்டமானது. பின்னர் அகழ்ந்தவர்கள் அதன் அடித்தளம் ஏழாம் நூற்றாண்டுக்குரியது என்று கண்டார்கள். நேவார் தச்சர்களும் உள்ளூர் மக்களும் பழைய முறையிலேயே மரம் இழைத்து அதை மீண்டும் எழுப்பிவிட்டார்கள். நம் ஊரில் பழங்கோயில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சும் சிமெண்டும் செய்த சேதத்தைக் கண்டவர்கள், பக்தப்பூர் தெருக்களில் தச்சன் உளி பிடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். பசுபதிநாதர் கருவறையில் பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகப் பகுதியிலிருந்து வரும் தென்னகத்தார். தெற்கும் இமயமும் எவ்வளவு காலமாகக் கைகோத்திருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு வேண்டுகோள்: பாக்மதிக் கரையில் எரியும் சிதைகளைக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். அங்கே அழுதுகொண்டிருப்பது ஒரு குடும்பம்.

எந்த மாதம் என்பதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நமக்கு வடகிழக்குப் பருவமழை. நேபாளத்தில் அப்போதுதான் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை சிறந்த காலம். ஆனால் சென்னை விமான நிலையமே புயலில் மூடப்படலாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நடந்ததுபோல. எனவே கையிருப்பு நாள் இந்தப் பக்கமும் வேண்டும். தசராவை அங்கே தஷைன் என்று பதினைந்து நாள் கொண்டாடுகிறார்கள். பேருந்துகளில் இடம் கிடைக்காது, கடைகள் மூடியிருக்கும். பள்ளி விடுமுறையை முன்னிட்டு ஏப்ரல், மே என்றால் மலைகளைக் காட்டுத்தீப் புகை மறைக்கக்கூடும். அதற்கு ஈடாகப் பக்தப்பூரின் பிஸ்கெட் ஜாத்ரா கிடைக்கும். நம் தமிழ்ப் புத்தாண்டை ஒட்டித்தான் அவர்களுடைய புத்தாண்டும் வருகிறது. அப்போது பைரவர் தேரை இரு பகுதி மக்கள் எதிரெதிராக இழுப்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்க்க வேண்டும். 2024 ஜூலையில் நிலச்சரிவில் இரண்டு பேருந்துகள் திரிசூலி ஆற்றுக்குள் அடித்துச் செல்லப்பட்டன, அதே ஆண்டு செப்டம்பர் வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலிவு விலை பேக்கேஜ்கள் பல அந்த மாதங்களில்தான் வரும்.

ஆவண விஷயம் எளிது என்று நினைத்துக் கடைசி நேரத்தில் தடுமாறுகிறவர்கள் உண்டு. இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்கள் ஆதார் காட்டலாம், மற்றவர்களுக்கு ஆதார் செல்லாது. நம்முடைய தலைப்பெழுத்துச் சிக்கல் இங்கே தலைகாட்டும்: டிக்கெட்டில் எஸ் என்று ஒற்றை எழுத்தும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும். முன்பதிவின்போதே ஒத்துப்பார்த்துவிட வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகும் தாத்தா பாட்டிகள் இங்கே அதிகம். அந்தக் குழந்தைகளுக்கு நேபாள விசா காத்மாண்டில் இறங்கியதும் கிடைக்கும், ஆனால் இந்தியாவுக்குத் திரும்பி நுழைய ஓசிஐ அட்டையோ பலமுறை நுழைவு விசாவோ கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அதற்கான அனுமதிச் சீட்டும் தேவை. சார்க் நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

பணம்: ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நெடுங்கால நிலையான மதிப்பு. 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோவது பாதுகாப்பு. 2024-லிருந்து நகரக் கடைகளில் யுபிஐ ஸ்கேன் செய்தும் கொடுக்கலாம், மலைமேல் அதை நம்ப வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா என்று பாலிசியிலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒன்று. பல குழுக்கள் சமையல்காரரையும் சாம்பார்ப் பொடியையும் கூடவே ஏற்றிப்போகின்றன. முதியவர்களுக்கும் ஆசாரம் பார்ப்பவர்களுக்கும் அது தேவையாக இருக்கலாம், அதைக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் தகாலி வீட்டுச் சாப்பாட்டை ஒருமுறையாவது உண்ண வேண்டும்: சோறு, பருப்பு, நொதிக்கவைத்த கீரையான குந்த்ருக், ஊறுகாய், கேட்கக் கேட்க மறுபடி பரிமாறும் கை. சைவம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். கடுகெண்ணெய் மணத்துக்கு நாக்கு ஓரிரு நாளில் பழகிவிடும்.

அரசியல் நிலவரத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 8, 9 தேதிகளில் இளைஞர் போராட்டத்தில் காத்மாண்டு பற்றியெரிந்தது, விமான நிலையமும் மூடப்பட்டது. இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துக்கொள்வதும், காத்மாண்டிலிருந்து திரும்பும் விமானத்தையும் டெல்லியிலிருந்து சென்னை விமானத்தையும் ஒரே நாளில் இறுக்கிப் போடாமல் இருப்பதும் அறிவுடைமை. ரயிலில் போக விரும்புகிறவர்கள் சென்னை வழியாகச் செல்லும் ராப்திசாகரில் கோரக்பூர் இறங்கி, சோனௌலி எல்லையில் நடந்தே கடந்து, பக்கத்திலிருக்கும் லும்பினியில் அசோகர் தூணைப் பார்த்துவிட்டுப் போக்கராவுக்குப் போகலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறுபவருக்கு அந்தத் தரைவழி இயல்பாகவே நல்ல படிக்கட்டு.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டிலிருந்து பதினான்கு நாள் வேண்டும். அலுவலகத்தில் அத்தனை நாள் கிடைக்காதவர்கள் ஜோம்சோமை விட்டுவிட்டுக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கோடும் போக்கராவோடும் நிறுத்திக்கொண்டு, முக்திநாத்தை வேறொரு ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமோ கடுமையான ஆஸ்துமாவோ உள்ளவர்கள், மருத்துவர் கூடாது என்றால் மேலே போக வேண்டாம். சாங்கு நாராயணர், புத்தநீலகண்டம், பசுபதிநாதர், பட்டன், லும்பினி ஆகியவற்றை மட்டுமே வைத்து ஒரு வாரம் நிறைவாகத் திட்டமிடலாம். குடும்பத்தில் மற்றவர்கள் முக்திநாத் போய்வரும் நான்கைந்து நாட்கள் பெரியவர்கள் துணைக்கு ஒருவரோடு போக்கரா ஏரிக்கரையிலேயே தங்கியிருக்கலாம். விடியலில் மச்சபுச்சரே சிகரம் அங்கிருந்தே தெரியும்.